உள்ளே இருந்து எழுத நினைப்பவருக்கு ஒரு கணக்கப்பிள்ளை பேரன் சொல்வது

சிறைக்கு உள்ளே போன இரண்டாவது மாதம், நான் நாவல் எழுதப் போவதாக பிளாக் முழுக்கச் சொல்லிவிட்டேன். ஒரு வருஷம், முந்நூறு பக்கம். எங்கள் பக்கத்து நூறு வருஷக் கதை: பர்மா, கப்பல், யுத்தம், பெரிய வீடு, கடைசியில் அந்த வீட்டைப் பிரித்துக் கதவும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைக்கு வந்து சேர்வது வரை. பக்கத்தில் படுத்திருந்த அண்ணன் ஒருவர் மறுநாளே எனக்கு 'நாவலர்' என்று பேர் வைத்துவிட்டார். வருஷம் முடிந்தபோது கையில் இருந்தது பதினோரு பக்கம், அதிலும் மூன்று பக்கம் முன்னுரை. பேர் மட்டும் நிலைத்துவிட்டது. வெளியே வரும் நாள்வரை நான் நாவலர்தான்.

இப்போது காரைக்குடியில் ஒரு டி.டி.பி. கடையில் தட்டச்சு வேலை பார்க்கிறேன். என்ன வழக்கு, எந்தச் சிறை என்பதெல்லாம் இங்கே வேண்டாம். எப்போதாவது யாராவது ஒரு மஞ்சள் பையிலிருந்து மடித்து மடித்து நைந்துபோன தாள்களை எடுத்து வைத்து, "எங்க தம்பி உள்ளேருந்து எழுதுனது, டைப் பண்ணித் தர முடியுமாண்ணே" என்று கேட்பார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு பேசி முடித்ததும் அடுத்த கேள்வி வரும்: "புத்தகமா வருமாண்ணே?" அவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லி அலுத்துவிட்டது, அதனால்தான் எழுதி வைக்கிறேன். உள்ளே இருப்பவர் இதைப் போனில் படிக்கப் போவதில்லை. வீட்டில் இருப்பவர்கள் பிரிண்ட் போட்டுக் கடிதத்தோடு சேர்த்து அனுப்புங்கள். இனிமேல் நான் பேசுவது உள்ளே இருப்பவரோடு.

முதலில் ஒரு தப்புக்கணக்கைக் கழித்துவிடுவோம். "உள்ளே நேரம் நிறைய இருக்குமே, உட்கார்ந்து எழுத வேண்டியதுதானே" என்று வெளியே எல்லோரும் சொல்வார்கள், நீங்களும் முதல் மாதம் அப்படித்தான் நினைப்பீர்கள். நேரம் இருக்கிறது, மறுக்கவில்லை. காலையில் திறந்து, ஆள் எண்ணி, டீ, குளியல் வரிசை, சாப்பாட்டு வரிசை, வேலை, மறுபடி எண்ணிக்கை, சாயங்காலம் லாக்கப். அதற்கப்புறம் விடியும்வரை பன்னிரண்டு மணி நேரம் சுவர்தான். வெளிச்சத்துக்கும் பஞ்சமில்லை, ராத்திரி முழுக்க லைட் எரியும், அணைத்தால் தேவலை என்று நாம் ஏங்கும் அளவுக்கு எரியும். ஆனால் அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் இத்தனை பேர் பேச்சு, இருமல், சண்டை, அழுகை, பாட்டு எல்லாவற்றோடும் சேர்ந்துதான் உங்களுக்குக் கிடைக்கிறது. உள்ளே நேரம் மலிவு. அரிதானவை தாள், பேனா, காது கொஞ்சம் ஓய்ந்திருக்கும் அரை மணி, எழுதியதைப் பத்திரமாக வைக்க ஓர் இடம், அதைப் படிக்க ஒரு ஆள், அதை வெளியே கொண்டுபோக ஒரு கை, இவைதான். மலிவான சரக்கை வைத்து யாரும் வியாபாரம் அளக்க மாட்டார்கள். "தினம் மூணு மணி நேரம் எழுதுவேன்" என்று நான் போட்ட திட்டம் ஊற்றிக்கொண்டதற்கு அதுதான் காரணம். மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன், உண்மையாகவே உட்கார்ந்தேன், தாளில் ஒன்றும் இல்லை. இலக்கைத் தாளில் போடுங்கள்.

எங்கள் ஐயா, அதாவது தாத்தா, ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்ற மூன்று வார்த்தையும் எனக்கு அ, ஆ தெரியும் முன்பே தெரியும். அன்றன்றைக்கு நடந்ததை அப்படியே கிறுக்கி வைப்பது சிட்டை. அதை ஒழுங்காகத் தலைப்புத் தலைப்பாக ஏற்றுவது பேரேடு. கடைசியில் எங்கே நிற்கிறோம் என்று கூட்டிப் பார்ப்பது ஐந்தொகை. ரங்கூனிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்தவர்கள் அங்கிருந்து ஊருக்கு அனுப்பிய ஐந்தொகைத் தாளைப் பார்த்தே, கடை எப்படி ஓடுகிறது என்று இங்கே முகப்பில் உட்கார்ந்து சொல்லிவிடுவார்கள் என்பார். எனக்கு நாவல் கை கொடுக்கவில்லை, ஐயாவின் கணக்குதான் கை கொடுத்தது.

கணக்கு இதுதான். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். ஒரு பக்கம் என்றால் தாளின் ஒரு புறம், இரண்டு புறமும் அல்ல. வாரத்துக்கு ஐந்து நாள். மீதி இரண்டு நாளைத் தள்ளிவிடுங்கள், அவை உங்களுடையவை அல்ல, கோர்ட்டுக்கும் மனுவுக்கும் சோதனைக்கும் காய்ச்சலுக்கும் சொந்தம். (உள்ளே புதிதாக வந்தவர்களுக்கு: வீட்டார் வந்து பார்ப்பதற்கும் மனு என்றுதான் பேர், அதிகாரிக்கு எழுதிக் கொடுப்பதற்கும் மனு என்றுதான் பேர். முதல் வாரம் குழம்பும், அப்புறம் பழகிவிடும்.) வாரம் ஐந்து என்றால் மாதத்துக்கு இருபது பக்கம். கடையில் கிடைக்கும் 192 பக்க நோட்டு ஒன்பதரை மாதத்தில் தீரும். என் கையெழுத்துக்குப் பக்கத்துக்குச் சுமார் நூற்றிருபது வார்த்தை பிடிக்கும், ஆக ஒரு நோட்டு என்பது இருபத்து மூவாயிரம் வார்த்தை. அச்சில் போட்டால் அது ஒரு சின்னப் புத்தகம். வருஷத்துக்கு ஒரு நோட்டு, அவ்வளவுதான் இலக்கு. மீதி இரண்டு மாதத்துக்கு மேல் கையில் நிற்பது பெரிய சோதனைக்கும் பெரிய துக்கத்துக்கும். ஒரு வருஷத்தில் இரண்டும் வரும்.

நோட்டின் கடைசித் தாளில் சிட்டை போடுங்கள். தேதி, எத்தனை பக்கம், அவ்வளவே. எழுதாத நாளில் பூஜ்யம் போட்டு, பக்கத்தில் ஏன் என்று ஒரே ஒரு வார்த்தை. தலைவலி. சண்டை. கடிதம். மழை. இந்தப் பூஜ்யத்தை மறைக்கிறவர்தான் கணக்கில் ஏமாறுகிறார். எனக்கு மூன்று மாதச் சிட்டையைக் கூட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மனு வந்த மறுநாள் நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. அன்றைக்கு இல்லை, மறுநாள். அன்றைக்குச் சந்தோஷத்திலேயே ஓடிவிடும், அம்மா கட்டியிருந்த சேலையின் கலர், கம்பிக்கு அந்தப்பக்கம் தங்கச்சி மகன் காட்டிய பல் விழுந்த வாய், இதையே அசை போட்டு ராத்திரி தூங்கிவிடலாம். மறுநாள்தான் கல்லைக் கட்டி இறக்கியது போல இருக்கும். அதுவரை என்னைச் சோம்பேறி என்று நானே திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் மனுவுக்கு மறுநாளை விடுமுறை என்று எழுதிவிட்டேன், பூஜ்யம் போடுவதும் நின்றது, திட்டுவதும் நின்றது.

விசாரணைக் கைதியா, தண்டனைக் கைதியா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். ரிமாண்டில் கிளைச்சிறையில் இருக்கிறவருக்கு 192 பக்க நோட்டே வேண்டாம். ஜாமீன் நாளைக்கே வரலாம், நாளன்றைக்கு வேறு இடத்துக்கு மாற்றலாம், யாருக்கும் எதுவும் தெரியாது. ஒரு தாளில் தொடங்கி அதே தாளில் முடிகிற சரக்காக எழுதுங்கள். கடிதம் அதற்குச் சரியான உருவம். வாரம் ஒரு கடிதம், "நலம், நலமறிய ஆவல்" என்பதற்கும் "இப்படிக்கு" என்பதற்கும் நடுவில் நீங்கள் பார்த்த ஒரே ஒரு விஷயம். இது போதும், இதற்கு மேல் இலக்கு வைத்தால் ஜாமீன் மனு தள்ளுபடியான அன்றைக்குச் சேர்ந்தே உடையும். இன்னொன்று, நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பற்றி ஒரு வரிகூட வக்கீலைக் கேட்காமல் எழுதாதீர்கள். கதை என்று நீங்கள் நினைக்கலாம். பேரை மாற்றிவிட்டேன் என்றும் சொல்லலாம். உங்கள் கையெழுத்தில் உள்ள தாள் யார் கையில் போய் என்னவாகும் என்று உங்களால் சொல்ல முடியாது.

தண்டனைக் கைதிக்கு வேறு கஷ்டம். மொத்தத் தண்டனையையும் நீட்டிப் பார்த்துத் திட்டம் போடத் தோன்றும், பத்து வருஷம், பத்துப் புத்தகம் என்று. அப்படிப் பார்க்காதீர்கள், மயக்கம் வரும். எங்கள் பக்கத்தில் பர்மாவுக்கும் இலங்கைக்கும் கடை பார்க்க ஆள் அனுப்பியபோது பொதுவாக மூன்று வருஷக் கணக்குக்குத்தான் அனுப்பினார்கள். மூன்று வருஷம் அங்கே, கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டு ஊர், மறுபடி போனால் புதுக் கணக்கு. பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டுக் கடல் தாண்டிப் போனவன் தாங்கக்கூடிய நீளம் அதுதான் என்று யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். நீங்களும் அப்படியே பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வருஷ நோட்டு கை பழக. இரண்டாவது நோட்டில் நல்லதாக நான்கைந்து தேறும். மூன்றாவது வருஷம் புதிதாக எழுதுவதைக் குறைத்து, தேறியதைத் திருப்பி எழுதுங்கள். நடுவில் தண்டனைக் குறைப்பு வரும், விடுப்பு வரும். விடுப்பில் போகும்போது மட்டும் எழுத்து இலக்கு எதையும் கொண்டுபோகாதீர்கள். அந்த நாட்கள் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் உரியவை, அங்கேயும் போய் நோட்டை விரித்தால் அவர்கள் எழுத்தையே வெறுத்துவிடுவார்கள். இதை அனுபவித்துச் சொல்கிறேன்.

சரி, என்ன எழுதுவது? எல்லோரும் தன் வாழ்க்கைக் கதையில் தொடங்குகிறார்கள். நான் டைப் அடித்துக் கொடுத்தவற்றில் பாதிக்கு மேல் "நான் பிறந்தது" என்றுதான் ஆரம்பிக்கும், ஏழாவது பக்கத்தில் அப்பா சாவார், பத்தாவது பக்கத்தில் நின்றுவிடும். சொந்தக் கதை பெரிய பாரம், கை பழகாதவன் அதைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். உங்கள் கைக்குத் தெரிந்த ஒரு வேலையை எழுதுங்கள், ஐந்து பக்கத்தில்.

எங்கள் பிளாக்கில் ஆத்தங்குடிப் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார், பூக்கல், அதாவது பூப்போட்ட தரைக்கல், போடுகிறவர். எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. அவர் என்னிடம் வந்து "நாவலரே, நானும் எழுதலாமா" என்று கேட்டபோது நான் கொஞ்சம் பெரிய மனுஷத் தோரணையில் "அனுபவத்தை எழுதுங்கண்ணே" என்றேன். அவர் ஒரு வாரம் ஒன்றும் எழுதவில்லை, என்ன அனுபவம் என்று தெரியவில்லை. சரி, ஒரு கல் எப்படிப் போடுவீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள் என்றேன். கண்ணாடியைத் துடைத்து வைப்பது, அதன் மேல் அச்சை வைத்து ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு வண்ணக் கலவையை ஊற்றுவது, அச்சைக் கை நடுங்காமல் தூக்குவது, தூக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வது, அதன் மேல் சிமெண்டும் எங்கள் ஊர் மணலும் போட்டு அமுக்குவது, அப்புறம் தண்ணீரில் ஊறப் போடுவது, வெயிலில் வைப்பது, கண்ணாடி கழன்று வரும்போது கேட்கும் சின்னச் சத்தம். நான்கு பக்கம். கடைசிப் பக்கத்தில், முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத் தான் போட்ட கல்லின் மேலேயே நின்றதை இரண்டு வரியில் எழுதியிருந்தார். முந்நூறு பக்கம் எழுதினாலும் என்னால் அந்த இரண்டு வரியை எழுதியிருக்க முடியாது. அன்றைக்குத்தான் நான் நாவலை மூடி வைத்துவிட்டுப் புதுவயல் அரிசி ஆலையை எழுத ஆரம்பித்தேன், நெல் அவியும் வாசனையில் தொடங்கி. நான் அங்கே மூட்டைக் கணக்கு எழுதினவன், வேறு என்ன எனக்குத் தெரியும்?

ஆக முதல் நோட்டின் இலக்கு இப்படி இருக்கட்டும்: தெரிந்த வேலை ஐந்து, தெரிந்த மனிதர்கள் ஐந்து, ஊரில் ஓர் இடம், ஒரு சாப்பாடு, ஒரு சத்தம். பெண்கள் சிறையில் இருக்கும் அக்கா ஒருவர், வெளியே இருக்கும் மகளுக்கு வாரா வாரம் ஒரு பலகாரத்தின் பக்குவத்தைக் கடிதமாக எழுதினார். கந்தரப்பத்துக்கு மாவு எப்படி இருக்க வேண்டும், சீடை ஏன் வெடிக்கிறது, மணகோலத்துக்குப் பாகு எந்தப் பதம் என்று. மகள் அதையெல்லாம் ஓர் ஓலைக் கொட்டானில் போட்டு வைத்திருந்தாள், என்னிடம் கொண்டு வந்தபோது முப்பதுக்கு மேல் இருந்தது. அம்மாவுக்கு இலக்கு என்ற வார்த்தையே தெரியாது. வாரம் ஒன்று என்று மட்டும் தெரியும்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் வ.உ.சி.யைக் கொண்டு வருவார். கோவைச் சிறையில் செக்கிழுத்தவர், கண்ணூர்ச் சிறையில் நூல் எழுதினார், உனக்கென்ன கேடு என்று. எங்கள் மண்ணுக்கென்று இன்னொரு பேரும் உண்டு: சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன், 1953 கல்லக்குடிப் போராட்டத்துக்காகச் சிறையில் இருந்தபோதுதான் 'மாங்கனி' காவியத்தை எழுதினார். காரைக்குடியில் அவர் மணிமண்டபத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்த முந்நூறு பக்கம் ஞாபகம் வந்து வெட்கமாக இருக்கும். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். வ.உ.சி. உள்ளே போகும்போதே படித்துத் தேர்ந்த வக்கீல், தமிழில் ஊறியவர். கண்ணதாசன் உள்ளே போகும்போதே பத்திரிகையில் எழுதி, சினிமாவுக்குப் பாட்டெழுதி, கை முற்றியவர். அவர்கள் எழுத்தாளர்களாகச் சிறைக்குப் போனார்கள், நாம் சிறைக்குப் போன பிறகு எழுத்தாளராகப் பார்க்கிறோம். அவர்களைக் கும்பிடலாம், அவர்களை வைத்து நம் வருஷத்தை அளக்க வேண்டியதில்லை.

படிப்பதற்கும் ஒரு சின்னக் கணக்கு வேண்டும். மத்திய சிறைகளில் நூலகம் இருக்கிறது. 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறையே 'கூண்டுக்குள் வானம்' என்று ஓர் அரங்கு போட்டு, கைதிகளுக்காகப் பொதுமக்களிடம் புத்தகம் வாங்கியது. ஆகப் புத்தகம் இல்லை என்று சொல்ல முடியாது. எத்தனை புத்தகம் என்று எண்ணாதீர்கள், பிடித்த ஒன்றை இரண்டாவது தடவை படியுங்கள், அதில் ஒரு பக்கத்தைப் பார்த்துப் பார்த்து உங்கள் நோட்டில் எழுதுங்கள். எழுதியவர் எங்கே நிறுத்துகிறார், பேச்சை எங்கே தொடங்குகிறார் என்பது கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். படிப்பைத் தொடர விரும்பினால் சிறைக்குள்ளேயே இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) படிப்பு மையங்கள் உண்டு, நல அலுவலரிடம் கேளுங்கள். ஆனால் பரீட்சை மாதத்தில் எழுத்துக் கணக்கைப் பாதியாக்கிவிடுங்கள், இரண்டு குதிரையில் கால் வைக்க வேண்டாம்.

எழுதத் தெரிந்தவன் என்று தெரிந்துவிட்டால் பிளாக்கே உங்களிடம் வரும். ஒருவருக்கு விடுப்பு மனு, ஒருவருக்கு மாமனாருக்குக் கடிதம், இன்னொருவருக்குக் கோபித்துக்கொண்டு போன மனைவிக்குச் சமாதானம். செய்யுங்கள், இதைவிடப் பெரிய பயிற்சி கிடையாது. எதிரில் ஒருவர் சொல்லச் சொல்ல அவர் குரலிலேயே எழுதுவதும், எழுதி முடித்து வாசித்துக் காட்டும்போது "இல்ல, நான் இப்படிச் சொல்ல மாட்டேன், அவ நம்ப மாட்டா" என்று அவர் திருத்துவதும் எந்தக் காசு கொடுத்தாலும் கிடைக்காது. ஆனால் வாரத்துக்கு இரண்டு என்று வரம்பு வையுங்கள். நான் வைக்கவில்லை, ஒரு கட்டத்தில் என் பேனாவும் தாளும் ஊருக்குப் போய்ச் சேர்ந்து எனக்கு மிச்சமில்லை. தாளை அவர்களையே கொண்டு வரச் சொல்லுங்கள். இதற்குக் கூலி வாங்காதீர்கள், பீடிக்கட்டாகக்கூட வேண்டாம், அதிலிருந்துதான் வம்பு முளைக்கும். அவர்கள் உங்களிடம் சொன்னதை உங்கள் கதையில் போடுவதற்கு முன்னால் அவர்களைக் கேளுங்கள். கேட்காமல் எழுதி மாட்டி, ஒருவரோடு ஆறு மாதம் பேச்சில்லாமல் இருந்தேன், பத்தடி தூரத்தில் படுத்துக்கொண்டு.

இப்போது பத்திரம். என் மூன்றாவது நோட்டு ஒரு மாற்றலில் போயிற்று. காலையில் திடீரென்று பேர் வாசித்தார்கள், மூட்டையைக் கட்டு என்றார்கள், கட்டினேன், போய் இறங்கிப் பிரித்துப் பார்த்தால் துணி இருக்கிறது, தட்டு இருக்கிறது, நோட்டு இல்லை. நூற்றுநாற்பது பக்கம். யாரைக் கேட்பது? கேட்டேன், எழுதியும் கொடுத்தேன், வரவில்லை. அந்த வருஷச் சிட்டையில் அதற்கப்புறம் தொடர்ந்து நாற்பத்தொரு பூஜ்யம். அதிலிருந்து எனக்கு ஒரு விதி: ஒரு மாதத்துக்கு மேற்பட்ட எழுத்தை உள்ளே வைத்திருக்கக் கூடாது. இருபது பக்கம் ஆனதும் அதைப் பார்த்து இன்னொரு தடவை எழுதுங்கள். இது நகல் எடுக்கிற வேலை மாதிரி தெரியும், ஆனால் எழுதும்போதே கை தானாக வரிகளை வெட்டும், மாற்றும். அதுதான் திருத்தம், தனியாக அதற்கு நாள் ஒதுக்க வேண்டாம். ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி வெளியே. "புத்தகம் வர வேண்டும்" என்ற இலக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் "மாதம் இருபது பக்கம் வெளியே போக வேண்டும்" என்று எழுதுங்கள். புத்தகம் உங்கள் கையில் இல்லை. பதிப்பாளர் கையில் இருக்கிறது, காசு கையில் இருக்கிறது, அதிர்ஷ்டத்தின் கையில் இருக்கிறது. இருபது பக்கம் உங்கள் கையில் இருக்கிறது.

வெளியே அனுப்புவது எப்படி? திருட்டு வழி வேண்டாம், மனுவுக்கு வருகிறவர் இடுப்பில் சொருகி எடுத்துப் போவது மாதிரி வேலையெல்லாம் மாட்டினால் அடுத்த மனுவே நின்றுபோகும். கடிதம் எப்படிப் போகிறதோ அப்படியே போகட்டும். படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள் என்பது தெரிந்ததே. பெரிய கட்டாக இருந்தால் கண்காணிப்பாளருக்கு ஒரு மனு எழுதி, எத்தனை தாள், யாருக்கு, எதற்கு என்று குறிப்பிட்டு, நல அலுவலர் மூலம் கொடுங்கள். தாள்களுக்கு எண் போடுங்கள். கொடுத்த தேதியைச் சிட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். மறுத்தால் ஏன் என்று எழுத்தில் கேளுங்கள், குரலை உயர்த்தாமல்.

இது நமக்கு யாரோ போடும் பிச்சை இல்லை என்பதற்காக இரண்டு வழக்கு சொல்கிறேன். பம்பாயில் தடுப்புக்காவலில் இருந்த பிரபாகர் பாண்டுரங் சான்ஸ்கிரி என்பவர் அணுவைப் பற்றி மராத்தியில் ஒரு அறிவியல் நூல் எழுதினார். அச்சிடுவதற்காகக் கையெழுத்துப் பிரதியை மனைவிக்கு அனுப்பக் கேட்டபோது அரசு மறுத்தது. 1965இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: காவல் நிபந்தனைகளில் நூல் எழுதி வெளியே அனுப்பத் தடை எதுவும் இல்லாதபோது அதைத் தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை. இன்னொன்று நம் ஊர் வழக்கு, கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற, எல்லோருக்கும் தெரிந்த ஆட்டோ சங்கர். அவர் சிறையில் எழுதிய வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் பத்திரிகை வெளியிடுவது பற்றியது. 1994இல் உச்ச நீதிமன்றம், பொது ஆவணங்களில் உள்ள செய்தி என்றால் அவர் சம்மதம் இல்லாமல்கூடப் பத்திரிகை வெளியிடலாம், எங்கள் பேர் கெடும் என்று சொல்லி அரசோ அதிகாரிகளோ வெளியாவதற்கு முன்பே தடுக்க முடியாது என்றது. அதே தீர்ப்பில்தான் ஒருவருடைய அந்தரங்கத்தை அவர் விருப்பமில்லாமல் எழுதினால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்றும் இருக்கிறது. முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். இன்னொரு கைதியின் வீட்டுக் கதை, அதிகாரியின் குடும்பம், எதிர்த்தரப்பு ஆட்களின் உண்மைப் பேர் இதெல்லாம் வேண்டாம். பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவரின் பேரையோ அடையாளத்தையோ வெளியிடுவது தனியாக ஒரு குற்றம், பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவு. கதை என்று சொல்லித் தப்ப முடியாது.

பத்திரிகைக்கு அனுப்புகிறவர்கள் வருஷத்துக்கு நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராது. பெரும்பாலும் வெளியே இருப்பவருக்கும் வராது, அதனால் 'கைதி என்பதால்தான்' என்று மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அனுப்பியதும் சிட்டையில் "போயிற்று" என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள். வாசகர் கடிதம் எழுதுங்கள், சின்னதாக, அஞ்சு வரி. அது அச்சில் வர வாய்ப்பு அதிகம், தன் பேரை அச்சில் பார்க்கிற ஆசையும் அதில் கொஞ்சம் தணியும். எனக்குத் தணிந்தது.

கடைசியாக மறுபடி வீட்டில் இருப்பவர்களுக்கு. அடுத்த மனுவுக்கு மதுரைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறும்முன், நோட்டும் பேனாவும் எது கொடுக்கலாம், எது கேண்டீனில்தான் வாங்க வேண்டும் என்று வாசலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், இடத்துக்கு இடம் மாறும். அவரிடமிருந்து வரும் தாளைத் தேதி வாரியாக அடுக்கி ஒரு பையில் போடுங்கள், எலி கடிக்காத இடமாகப் பார்த்து. உடனே டைப் அடிக்க வேண்டாம், என் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு சொல்கிறேன், போட்டோ எடுத்து வைத்தால் இப்போதைக்குப் போதும். கம்பிக்கு அந்தப்பக்கம் நிற்பவரிடம் "எவ்வளவு எழுதின, எப்பப் புத்தகம் வரும்" என்று கேட்காதீர்கள். மனு நேரம் நிமிஷக் கணக்கு, அதில் அவரைக் கணக்குச் சொல்ல வைக்காதீர்கள். போன மாதம் வந்த தாளைப் படித்துவிட்டுப் போங்கள். படித்துவிட்டு, "ஏன்ப்பா, அந்தப் பூக்கல்காரரு கல்யாண வீட்டுல சாப்பிட்டாரா இல்லையா, அதச் சொல்லாமலே விட்டுட்டியே" என்று கேளுங்கள்.